ஆபரேஷன் முடிந்த நோயாளிக்கு ஐ.சி.யூ.வில் சுவாச டியூபை எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டியூபை உருவி எடுக்கப் பத்து விநாடி கூட ஆகாது. எடுக்கலாமா, இன்றைக்கே எடுக்கலாமா, எடுத்த பிறகு நோயாளி தாங்குவாரா என்று பார்ப்பதில்தான் நேரமெல்லாம் போகிறது. சென்னையில் ஐ.சி.யூ. டியூட்டிக்குப் புதிதாக வரும் டாக்டர்களையும் ஸ்டாஃப் நர்ஸ்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரும் படிக்கலாம். கடைசி முடிவு உங்கள் யூனிட்டின் மயக்க மருத்துவர் அல்லது இன்டென்சிவிஸ்ட் (ஐ.சி.யூ. சிறப்பு மருத்துவர்) கையில்தான். யூனிட்டில் எழுதி வைத்திருக்கும் முறை இதிலிருந்து மாறினால் அதன்படியே செய்யுங்கள்.

அவசரப்பட்டு எடுத்து, இரண்டு மணி நேரத்தில் மறுபடி டியூப் போட நேர்ந்தால் எல்லோரும் கேள்வி கேட்பார்கள். எடுத்திருக்க வேண்டிய டியூபை "காலை ரவுண்ட்ஸில் பார்த்துக்கலாம்" என்று விட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனாலேயே இரண்டாவது தப்பு அதிகம் நடக்கிறது. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நிமோனியா வரும் வாய்ப்பு கூடுகிறது. மூச்சுக்கான முக்கியத் தசையான உதரவிதானம் வேலையில்லாமல் மெலிகிறது. மயக்க மருந்தும் தூக்கமின்மையும் சேர்ந்து மனக்குழப்பத்தைக் கிளப்பிவிடுகின்றன. தனியார் ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர் சார்ஜ் நாள் கணக்கில் ஏறும். அரசு ஆஸ்பத்திரியில் பில் ஏறாது, ஆனால் இந்தப் படுக்கை காலியானால்தான் தன்னைத் தியேட்டருக்குள் எடுப்பார்கள் என்று வார்டில் ஒருவர் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்.

திட்டமிட்டு, எல்லாம் சரி பார்த்து எடுத்தாலும் ஐ.சி.யூ. நோயாளிகளில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு மறுபடி டியூப் போட வேண்டி வருவதுண்டு. சாதாரண ஆபரேஷன் கேஸ்களில் இது இன்னும் குறைவு. "எங்களிடம் ஒருவருக்குக் கூட மறுபடி போட்டதில்லை" என்று ஒரு யூனிட் பெருமை பேசினால், அங்கே நிறையப் பேருக்குத் தேவைக்கு மேல் டியூப் கிடந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

படி 1: என்ன ஆபரேஷன், டியூப் எப்படிப் போனது

முதலில் அனஸ்தீசியா சார்ட்டை எடுத்துப் படியுங்கள். டியூப் முதல் முயற்சியிலேயே போனதா, பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சி) வைத்துப் போட்டார்களா, வீடியோ லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்க உதவும் கேமரா கருவி) தேவைப்பட்டதா, முகமூடியால் காற்று கொடுக்க முடிந்ததா? எடுப்பது எப்போதும் சுலபம். எடுத்த பின் மறுபடி போட முடியுமா என்பதற்குப் பதில் இந்தச் சார்ட்டில்தான் இருக்கிறது.

அடுத்தது ஆபரேஷன். பைபாஸ் போன்ற இதய அறுவை சிகிச்சையில், எல்லாம் சரியாக இருந்தால் ஐ.சி.யூ.வுக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் டியூபை எடுத்துவிட வேண்டும் என்பது இன்று பல இடங்களில் வழக்கமான இலக்கு. அதற்கு உடல் சூடு 36 டிகிரிக்கு மேல் வர வேண்டும், டிரெயினில் (ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து வெளியே விட்ட குழாய்) ரத்தம் குறைந்து வர வேண்டும். மணிக்கு 100 மி.லி.க்கு மேல் வந்துகொண்டே இருந்தால் பொறுங்கள். நோயாளி திரும்பவும் தியேட்டருக்குப் போக நேரலாம்.

நம் ஊரில் வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் அதிகம். நாக்கு, தாடை, கழுத்து என்று கை வைத்த கேஸில் வீக்கம் அன்றைக்கு ராத்திரியும் மறுநாளும் ஏறும். அதனால் பல சர்ஜன்கள் தியேட்டரிலேயே ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் வைக்கும் டியூப்) போட்டு அனுப்பிவிடுவார்கள். டியூபோடு வந்திருந்தால் சர்ஜனைக் கேட்காமல் தொட வேண்டாம். தாடையை ஒயர் போட்டுக் கட்டியிருந்தால், அந்த ஒயரை வெட்டும் கட்டர் படுக்கைத் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். தைராய்டு, கழுத்து எலும்பு ஆபரேஷன்களில் கழுத்துக்குள் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தலாம், குரல் நாண் நரம்பு பாதித்திருக்கலாம். மூளை ஆபரேஷனில் நுரையீரல் நன்றாக இருந்தாலும் நினைவு எந்த அளவுக்கு இருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும்.

படி 2: எண்களைப் பாருங்கள்

வென்டிலேட்டரில் ஆக்சிஜன் 40 சதவீதம் அல்லது அதற்குக் கீழே, பீப் (மூச்சு வெளியே போன பிறகும் நுரையீரல் சுருங்காமல் மிஷின் விட்டுவைக்கும் அழுத்தம்) 5 முதல் 8-க்குள். அந்த அளவிலேயே சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 90-க்கு மேல் நிற்க வேண்டும். பி.பி.யை ஏற்றும் நார்அட்ரினலின் டிரிப் ஓடாமல் இருக்க வேண்டும், ஓடினாலும் சிறு அளவில், ஏறாமல் இருக்க வேண்டும். ஏ.பி.ஜி.யில் (தமனி ரத்தத்தில் வாயுக்களையும் அமிலத்தையும் பார்க்கும் டெஸ்ட்) பி.எச். 7.25-க்குக் கீழே இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள். பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட் குறைந்திருந்தால் தசை ஓடாது. இதை எல்லோரும் படித்திருப்பார்கள், ஆனால் காலை ரத்த ரிப்போர்ட்டைப் பார்க்காமலே முயற்சியைத் தொடங்குபவர்களும் உண்டு.

ஆபரேஷன் கேஸில் கூடுதலாக ஒன்று: தசைகளைத் தளர்த்தும் மருந்து உடம்பில் மிச்சம் இருக்கிறதா? மணிக்கட்டில் நரம்புத் தூண்டி வைத்துப் பார்க்கும்போது நாலு துடிப்புகளில் நாலாவதின் வலு முதலாவதில் 0.9 பங்காவது இருக்க வேண்டும். தலையை ஐந்து விநாடி தூக்கச் சொல்லிப் பார்ப்பது பழைய பழக்கம். மருந்து மிச்சம் இருக்கும் போதே பலர் அதைச் செய்துவிடுவார்கள், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கொடுத்த மருந்து வெக்குரோனியம், ரோகுரோனியம் என்றால் அதை முறிக்க சுகமடெக்ஸ் உதவும். அட்ராகுரியத்துக்கு அது வேலை செய்யாது, நியோஸ்டிக்மின்தான்.

படி 3: எழுப்புவது

மயக்கத்துக்கு ஓடும் புரோபோஃபால், வலிக்கு ஓடும் ஃபென்டனில் டிரிப்பைக் குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள். வலி மருந்தை மட்டும் யோசித்துக் குறைக்க வேண்டும். நெஞ்சையோ வயிற்றையோ திறந்த நோயாளிக்கு வலி இருந்தால் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இரும மாட்டார். எபிடியூரல் (முதுகு வழியாகக் கொடுக்கும் வலி மருந்து), நரம்பு பிளாக், பாராசிட்டமால் என்று தூக்கம் வராத வழிகளில் வலியை அடக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மயக்கம் தெளியும்போது துள்ளிக் குதிக்கும் நோயாளிக்கு டெக்ஸ்மெடிடோமிடின் குறைந்த அளவில் நல்ல துணை. மூச்சை அதிகம் அமுக்காது. நாடித்துடிப்பும் பி.பி.யும் இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண் விழிக்கும் நேரத்தில் நோயாளி காதருகே போய், நிதானமாகப் பேசுங்கள். "ஐயா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. வாயில டியூப் இருக்கு, அதான் பேச முடியல. என் கையைப் பிடிச்சு அழுத்துங்க பார்க்கலாம்." கையை அழுத்துவதைவிட, சொன்னதும் விடுகிறாரா என்பதைக் கவனியுங்கள். அழுத்துவது தானாகவும் நடக்கலாம். அப்புறம் கண்ணைத் திறந்து உங்களைப் பின்தொடர்ந்து பார்க்கிறாரா, நாக்கை நீட்டுகிறாரா என்று பாருங்கள்.

சென்னை ஆஸ்பத்திரிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆந்திராவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் ஆபரேஷனுக்கு வருகிறார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சத்தம் போட்டுவிட்டு, "சொல் பேச்சு கேட்கவில்லை, குழப்பத்தில் இருக்கிறார்" என்று சார்ட்டில் எழுதிவிடுகிறோம். வங்காளிப் பெரியவரிடம் "சோக் குலுன்" என்று சொன்னதும் பட்டென்று கண் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். கண்ணைத் திறங்கள் என்பதற்குத் தெலுங்கில் "கள்ளு தெரவண்டி". இந்த இரண்டு மூன்று கட்டளைகளைப் படுக்கையருகே ஒரு அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டிவிடலாம். முடிந்தால் மகனையோ மகளையோ இரண்டு நிமிடம் உள்ளே கூப்பிட்டுப் பேச வையுங்கள். கண்ணாடி, காது மிஷின் வீட்டிலிருந்து வந்திருந்தால் இப்போது மாட்டிவிடுங்கள்.

படி 4: சொந்த மூச்சில் ஒரு பரீட்சை

வென்டிலேட்டரின் உதவியைக் குறைத்து, நோயாளி தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பது. இரண்டு வழி: மிஷினிலேயே வைத்து பிரஷர் சப்போர்ட் (ஒவ்வொரு மூச்சை இழுக்கும்போதும் மிஷின் கொடுக்கும் அழுத்த உதவி) 5 முதல் 8, பீப் 5 என்று குறைப்பது, அல்லது மிஷினைக் கழற்றி டி-பீஸில் (டியூபில் மாட்டும் T வடிவக் குழாய்) ஆக்சிஜன் மட்டும் கொடுப்பது. டி-பீஸ் என்பது ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது மாதிரி, கொஞ்சம் கடுமையான பரீட்சை. ஆபரேஷன் முடிந்த சாதாரண நோயாளிக்கு நான் பிரஷர் சப்போர்ட்டில் முப்பது நிமிடம் என்பதையே விரும்புவேன். இதயம் பலவீனமானவர்கள் விஷயம் வேறு. பிரஷர் கொடுக்கும் வரை நன்றாக இருந்துவிட்டு, டியூபை எடுத்ததும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வார்கள். அவர்களை டி-பீஸில் பார்த்துவிடுவது நல்லது. ஏற்கெனவே ஒரு முறை தோற்றவர்களுக்கு முப்பது நிமிடம் போதாது, இரண்டு மணி நேரம் வரை பாருங்கள்.

கணக்குப் போட ஒரு எளிய எண் இருக்கிறது. 1991-இல் யாங், டோபின் இருவரும் சொன்னது: ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சில் எத்தனை லிட்டர் என்பதால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 20 மூச்சு, ஒவ்வொன்றும் 400 மி.லி. என்றால் 20-ஐ 0.4-ஆல் வகுக்க 50. நல்ல எண். 32 மூச்சு, 250 மி.லி. என்றால் 128. 105-ஐத் தாண்டினால் சந்தேகம். அவர்கள் பார்த்தது மிஷின் உதவியே இல்லாத மூச்சில், எனவே பிரஷர் சப்போர்ட்டில் வரும் எண் கொஞ்சம் அழகாகவே தெரியும்.

பாதியில் நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: மூச்சு நிமிடத்துக்கு 35-ஐத் தாண்டி அப்படியே நிற்பது, சாச்சுரேஷன் 90-க்குக் கீழே போவது, நாடித்துடிப்பு 140-ஐத் தாண்டுவது, மேல் பி.பி. 180-க்கு மேலோ 90-க்குக் கீழோ போவது. மானிட்டருக்கு முன்பே நோயாளியின் முகம் சொல்லிவிடும். நெற்றியில் வியர்வை, மூக்குத் துவாரம் விரிவது, கழுத்துத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் இழுபடுவது, நெஞ்சு ஏறும்போது வயிறு உள்ளே போவது. போர்வையை இடுப்பு வரை இறக்கிவிட்டு, கால்மாட்டில் நின்று ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். தோற்றால் பழைய செட்டிங்கில் ஓய்வு கொடுங்கள். ஏன் தோற்றார் என்று தேடிச் சரி செய்துவிட்டு மறுநாள் மறுபடி.

படி 5: தொண்டை தாங்குமா

மூச்சு விட முடிகிறது என்பது ஒன்று, தொண்டையைக் காத்துக்கொள்ள முடிகிறது என்பது வேறு. முதல் பரீட்சையில் பாஸாகி இதில் கோட்டை விடுபவர்கள் நிறைய. இருமல் வலுவாக இருக்கிறதா? டியூபின் வாயிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. தள்ளி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, மூன்று நாலு முறை இருமச் சொல்லுங்கள். அட்டை நனைந்தால் நல்ல அறிகுறி. இருமும்போது முகம் மறைப்பு உங்களுக்கு அவசியம். சளி எவ்வளவு வருகிறது என்பதை ராத்திரி டியூட்டி சிஸ்டரைத் தவிர வேறு யாரும் சரியாகச் சொல்ல முடியாது. மணிக்கொரு முறை சக்‌ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது) போட வேண்டிய நோயாளிக்கு டியூபை எடுக்க அவசரப்பட வேண்டாம்.

டியூப் பல நாள் இருந்தவர்கள், போடும்போது சிரமப்பட்டவர்கள், பெண்களுக்குப் பெரிய டியூப் போயிருந்தால் அவர்கள், இவர்களுக்குக் கசிவுப் பரீட்சை செய்யுங்கள். வால்யூம் மோடில் (ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரே அளவு காற்று தரும் செட்டிங்) வைத்து, கஃபில் (டியூபைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் பலூன்) இருக்கும் காற்றை இறக்கி, உள்ளே போகும் காற்றுக்கும் திரும்பி வரும் காற்றுக்கும் வித்தியாசம் பாருங்கள். 450 மி.லி. போய் 300 மி.லி. வந்தால் 150 மி.லி. டியூபைச் சுற்றி வெளியேறியிருக்கிறது, வழி இருக்கிறது. 110 மி.லி.க்குக் குறைந்தால் தொண்டை வீங்கியிருக்கலாம். அப்போது ஸ்டீராய்டு கொடுத்து, குறைந்தது நாலு மணி நேரமாவது கழித்து எடுங்கள். எல்லோருக்கும் இந்தப் பரீட்சை வேண்டாம். பைபாஸ் முடிந்து ஐந்து மணி நேரம் ஆனவருக்கு இதைச் செய்து காலம் கடத்துவது வீண்.

படி 6: ராத்திரி எடுக்கலாமா

இதில் சண்டையே நடக்கும். என் கருத்து இதுதான்: டியூப் போடத் தெரிந்தவர் அந்தத் தளத்திலேயே இருக்கிறார், நோயாளியின் தொண்டை சுலபமானது என்றால் பதினோரு மணிக்கும் எடுங்கள். டியூப் கஷ்டப்பட்டுப் போனது, கூப்பிட்டால் மயக்க மருத்துவர் வேளச்சேரியிலிருந்து வர வேண்டும் என்றால் காலை வரை இருக்கட்டும்.

படி 7: படுக்கையருகே தயாராக

சக்‌ஷன் இழுக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள், ஓடும் சத்தத்தை நம்பாதீர்கள். ஆக்சிஜனில் மாட்டிய அம்பு பேக் (கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் பை), சரியான அளவு முகமூடி, லைட் எரியும் லாரிங்கோஸ்கோப், அதே அளவு டியூப் ஒன்று, அரை அளவு சிறியது ஒன்று, பூஜி, டியூப் போடும் மருந்துகள், 10 மி.லி. சிரிஞ்ச், அட்ரினலின் நெபுலைசேஷன். ஹை ஃப்ளோ (மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் தருவது) அல்லது பைபாப் (முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்று தருவது) தேவைப்படும் என்று நினைத்தால் மிஷின் ஏற்கெனவே ஆன் செய்து நிற்க வேண்டும், ஸ்டோரில் இருக்கக் கூடாது. ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் டியூப்) ஃபீடை நாலு மணி நேரம் முன்பே நிறுத்துவது பல இடங்களில் வழக்கம். எடுப்பதற்கு முன் வயிற்றில் இருப்பதையும் உறிஞ்சிவிடுங்கள். ரைல்ஸ் டியூபையும் சேர்த்துப் பிடுங்கிவிடாதீர்கள். குறிப்பாக உணவுக்குழாய், இரைப்பை ஆபரேஷன் என்றால் அது சர்ஜனின் சொத்து.

படி 8: எடுப்பது

தலைமாட்டை 45 டிகிரிக்கு மேல் உயர்த்துங்கள். பருமனானவர்களை நன்றாகவே உட்கார வையுங்கள். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுங்கள்: "இப்ப டியூபை எடுக்கப் போறேம்மா. எடுக்கும்போது நல்லா மூச்சை இழுங்க, எடுத்ததும் பலமா இருமிடுங்க." ஓரிரு நிமிடம் 100 சதவீத ஆக்சிஜன். முதலில் வாயிலும், கஃபுக்கு மேலே தேங்கியதிலும் சக்‌ஷன், பிறகு டியூபுக்குள். வாயைச் சுத்தம் செய்யாமல் கஃபை இறக்கினால் அங்கே தேங்கியதெல்லாம் நேரே நுரையீரலுக்குள் போகும்.

டேப்பைப் பிரித்து, டியூபை ஒரு கையால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் சிரிஞ்சால் கஃபை முழுக்க இறக்கட்டும், கஃபோடு இணைந்து வெளியே தொங்கும் பைலட் பலூன் சப்பையாகிவிட்டதைக் கண்ணால் பாருங்கள். நோயாளி மூச்சை முழுக்க இழுத்த நொடியில், டியூபின் வளைவுக்கு ஏற்றபடி ஒரே சீராக வெளியே எடுங்கள். நுரையீரல் நிறைந்திருப்பதால் அடுத்து வருவது வெளி மூச்சும் இருமலும்தான், சளி வெளியே வரும். உடனே வாயில் ஒரு சக்‌ஷன், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்.

"உங்க பேரு என்னம்மா?" என்று கேளுங்கள். கரகரத்த குரலில் பெயரைச் சொன்னாலே குரல் நாண்கள் அசைகின்றன, மூச்சு போய் வருகிறது, நினைவும் இருக்கிறது. கையைக் கட்டியிருந்தால் இப்போதே அவிழ்த்துவிடுங்கள். இதை ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

படி 9: முதல் ஒரு மணி நேரம்

கழுத்தில் ஸ்டெத் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது "கீ" என்று விசில் மாதிரி சத்தம் கேட்டால் தொண்டை வீக்கம். உட்கார வைத்து, அட்ரினலின் நெபுலைசேஷன், ஸ்டீராய்டு கொடுத்து, சீனியரைக் கூப்பிடுங்கள். சத்தம் குறைந்துகொண்டே வருவது எப்போதும் நல்ல செய்தி என்று எண்ண வேண்டாம். நோயாளி களைத்துப்போய், காற்றே போகாமல் இருந்தாலும் சத்தம் குறையும். தைராய்டு கேஸில் கழுத்து உப்பிக்கொண்டு வந்து மூச்சும் திணறினால் படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தக்கட்டை வெளியேற்ற வேண்டும். தியேட்டர் காலியாகும் வரை காத்திருக்க முடியாது.

அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு ஏ.பி.ஜி. பீடி, சிகரெட்டால் நுரையீரல் கெட்டு கார்பன் டை ஆக்ஸைடு ஏறும் பழக்கம் உள்ளவரை டியூபிலிருந்து நேராக பைபாபுக்கு மாற்றுங்கள், திணறட்டும் பிறகு போடலாம் என்று இருக்காதீர்கள். அவருக்கு சாச்சுரேஷன் 88 முதல் 92 போதும், 100 பார்க்க ஆசைப்பட வேண்டாம். மற்றவர்களில் சந்தேகத்துக்குரியவர்களுக்கு ஹை ஃப்ளோ நன்றாக வேலை செய்கிறது. உணவுக்குழாயில் புதுத் தையல் இருந்தால் பைபாப் போடும் முன் சர்ஜனைக் கேளுங்கள்.

படி 10: தண்ணீர், பந்து, குடும்பம்

டியூபை எடுத்ததும் நோயாளி முதலில் கேட்பது தண்ணீர். "மூணு நாளா பட்டினி சார்" என்று வீட்டார் இளநீரோடு நிற்பார்கள். பாசம்தான், ஆனால் விழுங்கும் தசைகள் இன்னும் மரத்துப்போயிருக்கும். இளநீர் நுரையீரலுக்குள் போனாலும் சில சமயம் இருமல் கூட வராது. நனைத்த காஸ் துணியால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள். சில மணி நேரம் கழித்து, நேராக உட்கார வைத்து, வயிற்று ஆபரேஷன் என்றால் சர்ஜன் அனுமதியோடு, ஒரு ஸ்பூன் தண்ணீர். இருமினாலோ, குரல் ஈரமாகக் களகளவென்று மாறினாலோ நிறுத்துங்கள். டியூப் இரண்டு நாளுக்கு மேல் இருந்தவர்களை விழுங்கும் பயிற்சி நிபுணர் பார்த்துவிட்டால் நிம்மதி.

மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியைக் கையில் கொடுத்ததும் வீட்டார் "ஊதுங்கப்பா, நல்லா ஊதுங்க" என்பார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். உள்ளே இழுத்தால்தான் பந்து ஏறும், இழுத்து இரண்டு மூன்று விநாடி அப்படியே நிறுத்த வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. நெஞ்சைத் திறந்த நோயாளி இருமும்போது தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளட்டும், வலி குறையும்.

குடும்பத்திடம் "டியூப் எடுத்தாச்சு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் மறுபடி போட வேண்டி வரலாம், வந்தால் அது ஓய்வு கொடுப்பதற்காக என்று முன்பே சொல்லிவைத்தால், நடுராத்திரி ஃபோன் போகும்போது அவர்கள் இடிந்துபோக மாட்டார்கள். குரல் கரகரப்பு சில நாளில் போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

படி 11: மறுபடி போட நேர்ந்தால்

தள்ளிப்போடாதீர்கள். பைபாபில் மணிக்கணக்காகத் திணற விட்டுக் கடைசி நிமிடத்தில் டியூப் போடுவதுதான் ஆபத்தைக் கூட்டுகிறது. வயிற்று ஆபரேஷன் நோயாளிக்கு பைபாப் சில சமயம் காப்பாற்றிவிடும் என்பது உண்மை. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் முடிவெடுங்கள். ஓரிரு முறை தோற்று, ஒரு வாரம் பத்து நாள் ஆகிவிட்டது, இன்னும் நாளாகும் என்று தெரிந்தால் ட்ரக்கியாஸ்டமி பற்றிக் குடும்பத்தாரை உட்கார வைத்துப் பேசுங்கள்.

கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியவை: எடுத்த நேரம், அப்போதைய ஆக்சிஜன் அளவு, கசிவு இருந்ததா, இருமல் எப்படி, எடுத்த பிறகு விசில் சத்தம் கேட்டதா, அடுத்த ஏ.பி.ஜி. எத்தனை மணிக்கு. தொண்டை கஷ்டமானது என்றால் அதைச் சிவப்பு மையில் முதல் பக்கத்திலும் எழுதுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஏற்றுங்கள். அடுத்த ஆபரேஷன் வேறு ஆஸ்பத்திரியில் நடக்கலாம், அங்கே இருக்கும் மயக்க மருத்துவர் கையில் இந்தத் தாள் மட்டும்தான் இருக்கும்.